மொட்டை மாடிக் காற்றாலையும் வராத மானியமும்

பாலவாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு காற்றாலை இருந்தது. ஒரு கிலோவாட். 2015 மார்ச் தொடங்கி ஒரு வருஷம், மாசம் முதல் தேதி காபி குடித்த கையோடு மாடிப்படி அறைக்குப் போய் மீட்டரைப் பார்த்து, மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். ஜூனில் 24 யூனிட். ஜூலையில் 22. அக்டோபரில் 6. பன்னிரண்டு மாசத்தையும் கூட்டினால் 168. கோடையில் எங்கள் படுக்கையறை ஏ.சி. ஒரே மாசத்தில் இதைவிட அதிகம் இழுக்கும்.

இதற்கு நான் போட்ட பணம் 2,10,000 ரூபாய். காற்றாலையும் சார்ஜ் கன்ட்ரோலரும் 1,15,000. கம்பம், அடித்தளம், கூலி 28,000. நான்கு டியூபுலர் பேட்டரி 50,000. இன்வெர்ட்டர் 17,000. அன்றைய ஈ.பி. கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு மேல் போனால் யூனிட்டுக்கு 6 ரூபாய் 60 காசு. எனக்குச் சாதகமாக அந்த உச்ச விலையையே வைத்துக்கொண்டாலும் 168 யூனிட்டுக்கு 1,109 ரூபாய்தான் வரும். போட்ட பணம் திரும்ப 190 வருஷம் ஆகும். கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

இவ்வளவு மடத்தனமாக ஒருவன் எப்படி ஏமாறுவான் என்று கேட்பீர்கள். என் சொந்த ஊர் பணகுடி. நாகர்கோவில் போகும் பஸ்ஸில் காவல்கிணறு தாண்டியதும் காற்று ஜன்னல் வழியாக அறையும். முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் பக்கம் இறங்கினால் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பிதுங்கிக்கொண்டு வரும் இடம் அது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவன் எங்கள் பக்கத்து ஆளாகத்தான் இருப்பான். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அங்கே காத்தாடி நட ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் காற்று என்றால் கரண்ட் என்பது எனக்கு மனசில் பதிந்த சமாச்சாரம். சென்னைக்கு வந்து கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு கட்டியதும், காற்று இங்கேயும் சும்மா போகிறதே என்று தோன்றிவிட்டது. 2012, 2013-இல் சென்னையிலேயே தினம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

விற்க வந்தவர் நல்ல பேச்சுக்காரர். மாடிக்கு வந்தார், கடல் பக்கம் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். "சார், இந்தக் காத்துக்கு ஒரு நாளைக்கு நாலு யூனிட்டுக்குக் கொறையாது. கிலோவாட்டுக்கு ஒரு லட்ச ரூபா வரைக்கும் சென்ட்ரல் கவர்ன்மென்ட் மானியம் இருக்கு. ரெண்டு பத்துன்னு நெனைக்காதீங்க, ஒண்ணு பத்துன்னு நெனைச்சுக்கோங்க." நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

நான் கேட்காமல் விட்ட கேள்வி: எந்த வேகக் காற்றில் அது ஒரு கிலோவாட் கொடுக்கும்? பெட்டிக்குள் வந்த தாளில் இருந்தது. நொடிக்கு 12 மீட்டர். மணிக்கு 43 கிலோமீட்டர். சென்னையில் அப்படி அடித்தால் மேஜை நாற்காலி எல்லாம் உள்ளே எடுத்து வைக்கச் சொல்வோம்.

காற்றின் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், இறங்கும். வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்கு. 12 மீட்டரில் 1,000 வாட் தரும் பொறி 6 மீட்டரில் 125 வாட் தரும். 3 மீட்டரில் 16 வாட்டை எட்டினால் பெரிது. எல்லாம் முடிந்த பிறகு, கையில் பிடித்து அளக்கும் காற்றுமானி ஒன்றை இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு ஜூன் சாயங்காலம் நாலரை மணி. கடற்கரை மணலில் நின்று பிடித்தேன்: 6.2. வீட்டுக்கு நடந்து வந்து மொட்டை மாடியில் அதே கையை நீட்டினேன்: 3.1. இரண்டு தெரு தாண்டுவதற்குள் வேகம் சரிபாதி. அப்படியென்றால் மணலில் இருந்த சக்தியில் எட்டில் ஏழு பங்கை நடுவில் நின்ற நாலு மாடிக் குடியிருப்புகளும் தண்ணீர்த் தொட்டிகளும் தென்னைகளும் தின்றுவிட்டன.

மிச்சம் வந்ததும் ஒழுங்கான காற்று இல்லை. எங்கள் வீடு இரண்டு மாடி, அதன் மேல் இருபது அடிக் கம்பம். எதிர்த் தெரு அபார்ட்மென்ட்டின் தலையும் ஏறக்குறைய அதே உயரம். அதன் மேல் மோதி வரும் காற்று சுழித்துக்கொண்டு வரும். காற்றாலையின் வால் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். திசைக்குத் திரும்பி நின்று இறக்கை வேகம் பிடிப்பதற்குள் அடுத்த சுழி வந்துவிடும். சுற்றியுள்ள நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் இருக்கும் எதையும்விட இறக்கை பத்து மீட்டராவது உயர நிற்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பால பாடமாம். பாலவாக்கத்தில் அதற்குக் கோயில் கோபுரம் அளவுக்குக் கம்பம் நட வேண்டும்.

இதெல்லாம் எனக்கு மட்டும் நடந்ததில்லை. இங்கிலாந்தில் வார்விக் காற்றுச் சோதனை என்று 26 கட்டடக் காற்றாலைகளை அளந்து 2009-இல் அறிக்கை வெளியிட்டார்கள். நின்று போன நாட்களையும் சேர்த்தால் ஒரு காற்றாலையின் சராசரி நாளொன்றுக்கு 214 வாட்-மணி. கால் யூனிட்கூடக் கிடையாது. என்னுடையது நாளைக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே. வெள்ளைக்காரனைவிட நான் தேவலை. அங்கே சில வீடுகளில் காற்றாலை தந்ததைவிட அதன் மின்கருவிகள் தின்றது அதிகம் என்றும் கண்டார்கள். எனக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்தது: இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கவே பத்து வாட், மாசத்துக்கு 7 யூனிட். அக்டோபரில் காற்றாலை கொடுத்தது 6.

இனி மானியம்.

விற்றவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் அப்போது சிறு காற்றாலைகளுக்கும், காற்றும் சோலாரும் சேர்ந்த கலப்பு அமைப்புகளுக்கும் மானியம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வாங்கும் மாடல் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். விண்ணப்பம் முதலில், ஒப்புதல் அடுத்து, பொருத்துவது கடைசியில். என் கதையில் எல்லாம் தலைகீழ். கம்பம் நட்டு ரிப்பன் வெட்டாத குறையாக ஸ்விட்ச் போட்டு, விபூதி குங்குமம் வைத்த பிறகுதான் விண்ணப்பப் பேச்சே வந்தது. அப்போது பார்த்தால் மாடலும் பட்டியலில் இல்லை. விற்றவரின் போன் முதலில் பிஸியாக இருந்தது, அப்புறம் ஸ்விட்ச் ஆஃப்.

வேடிக்கை என்னவென்றால், காற்றாலைகளைச் சோதித்துச் சொல்லும் மத்திய அரசு நிறுவனமே நம்ம பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. 1998-இல் தொடங்கியது, இன்றைய பெயர் தேசிய காற்றாற்றல் நிறுவனம். சோதனை நிலையம் கயத்தாறில். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒரு நாள் உள்ளே போய்க் கேட்டிருக்கலாம்.

மானியம் வராதது எனக்கு இப்போது பெரிய வருத்தமில்லை. வந்திருந்தாலும் 1,10,000 ரூபாய் போட்டு வருஷத்துக்கு 1,109 ரூபாய் எடுத்திருப்பேன், நூறு வருஷம். உறுத்துவது வேறு. இரண்டு வருஷம் கழித்து, உடுமலைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் கல்லூரி நண்பன் ஏறக்குறைய இதே அளவுக் காற்றாலையை வாங்கினான். மானியத் திட்டம் முடியும் தறுவாய், அவனும் மானியம் கேட்கவில்லை. காற்றாலையும் கன்ட்ரோலரும் 70,000 ரூபாய். நான் கொடுத்தது 1,15,000. எனக்கு வர வேண்டிய மானியத்தில் பாதியை விற்றவர் முன்கூட்டியே விலையில் ஏற்றி எடுத்துக்கொண்டுவிட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் இதைப் புலம்பினேன். தொண்ணூறுகளில் மூன்று ஏக்கர் காற்றாலைக்குக் கொடுத்தவர் அவர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏலே, மில்லுக்காரன் கரண்டுக்கா காத்தாடி வச்சான்? வருமான வரிக்கு வச்சாம்லா. அது சுத்துனா என்ன, சுத்தாட்டா என்ன, அவன் கணக்கு அந்த மார்ச்சுலயே முடிஞ்சு போச்சு."

கிராமத்துப் பேச்சு என்று தள்ள முடியாது. தொண்ணூறுகளில் காற்றாலையில் போட்ட பணம் முழுவதையும் முதல் வருஷமே லாபத்திலிருந்து தேய்மானமாகக் கழித்து வரியை மிச்சப்படுத்தலாம். அப்புறம் அது 80 சதவீதம். 2012-இல் நிறுத்தினார்கள், 2014-இல் திரும்பக் கொடுத்தார்கள், 2017 ஏப்ரலிலிருந்து 40. இந்தச் சலுகைதான் முப்பந்தலையும் பல்லடத்தையும் உண்டாக்கியது, அதை மறுக்கக் கூடாது. ஆனால் நட்டால் போதும், ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை. காற்றில்லாத மேட்டில் நட்டு, இரண்டு வருஷத்தில் கியர்பாக்ஸ் போய், சரி செய்ய ஆளில்லாமல் நின்ற காத்தாடிகளை நானே பார்த்திருக்கிறேன். 2009 டிசம்பரில் வேறு மாதிரி ஒன்று கொண்டுவந்தார்கள்: கிரிட்டுக்கு, அதாவது பொது மின்கட்டமைப்புக்கு, கொடுக்கும் யூனிட் ஒன்றுக்கு 50 காசு ஊக்கத்தொகை. இதில் ஓடினால்தான் காசு. சித்தப்பாவின் வயலில் நிற்பதைப் பார்க்க ஆள் வாரம் தவறாமல் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான் என்று அவர் சொன்னார். அது அந்தத் திட்டத்தாலா, கம்பெனி கைமாறியதாலா என்று அவருக்குக் கவலையில்லை.

எனக்கு வாக்களிக்கப்பட்ட மானியமும் கிலோவாட்டுக்குத்தான், யூனிட்டுக்கு இல்லை. யூனிட்டுக்கு இவ்வளவு என்று யாராவது சொல்லியிருந்தால், வருஷத்துக்கு எத்தனை யூனிட் வரும் என்று நானும் கேட்டிருப்பேன். அவரும் பாலவாக்கத்தை விட்டுவிட்டு வேறு ஊர் பார்த்திருப்பார். சிறு காற்றாலைக்கு அத்தனை வருஷம் மானியம் கொடுத்தும் நாடு முழுக்க நிறுவப்பட்டது மூன்று மெகாவாட்டை ஒட்டித்தான். இன்று சந்தையில் கிடைக்கும் பெரிய காற்றாலை ஒன்றே அந்த அளவு.

காசுக் கணக்கில் வராத செலவுகளும் உண்டு. மாடித் தளத்தில் போல்ட் அடித்துக் கம்பத்தை நிறுத்தினால், சுற்றும்போதெல்லாம் அதிர்வு சுவர் வழியாகக் கீழே இறங்கும். "என்னங்க, ராத்திரி மாடியில யாரோ மிக்ஸி ஓட்டுற மாதிரியே இருக்கு" என்று என் மனைவி முதல் வாரமே சொன்னாள். போல்ட் துளை வழியாக ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது. உப்புக் காற்றில் பேரிங் ஒன்றரை வருஷத்தில் கிறீச்சிட ஆரம்பித்தது, மாற்ற 4,500. நான்கு வருஷ விளைச்சலுக்குச் சமம்.

ஒரே ஒரு சந்தோஷத்தைச் சொல்லாவிட்டால் அது நன்றி கெட்டதனம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. புயல் சின்னத்தின் காற்று விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு டியூப்லைட் எரிந்தது. கூடத்தில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் சுற்றி இருபது செல்போன். பக்கத்து வீட்டு அக்கா போட்டுக் கொடுத்த இஞ்சி டீயைக் குடித்துக்கொண்டு, முதலமைச்சர் ரேஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

சரியாக ஒரு வருஷம். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். காலையிலேயே பிரேக் ஸ்விட்சைப் போட்டுவிட்டேன். ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று ஒயரையும் ஒன்றாக இணைத்தால் ஜெனரேட்டரே இறக்கையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சாதாரணக் காற்றுக்கு அது போதும். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அந்தப் பிடியை உதறிவிட்டு இறக்கை சுற்ற ஆரம்பித்தது. சத்தம் மிக்ஸியிலிருந்து ஹெலிகாப்டருக்கு ஏறியது. மேலே போக யாருக்கும் தைரியமில்லை. அப்புறம் பட்டென்று ஒரு ஒலி. ஒரு மீட்டர் நீள ஃபைபர் இறக்கை போய் விழுந்தது, இஞ்சி டீ கொடுத்த அக்கா வீட்டுச் சமையலறை ஆஸ்பெஸ்டாஸ் மேல். நல்ல வேளை, அவர்கள் முன்னறையில் இருந்தார்கள். கூரை மாற்ற 6,500 கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன்தான் மூன்று மாசம் பேசவில்லை.

இதையெல்லாம் படித்த பிறகும் யாராவது சிறு காற்றாலை வாங்க நினைத்தால், முதலில் காற்றை அளக்க வேண்டும். இறக்கை நிற்கப் போகும் அதே உயரத்தில், ஒரு வருஷம். முடியாவிட்டால் வைகாசி முதல் புரட்டாசி வரையிலாவது, ஐப்பசியில் ஒரு மாசமும். காற்று வரைபடங்களில் போட்டிருப்பது 50, 100 மீட்டர் உயரத்துக் கணக்கு. மொட்டை மாடிக்குச் செல்லாது. வருஷச் சராசரி வேகம் நொடிக்கு 5 மீட்டருக்குக் கீழே இருந்தால் அந்தப் பணத்தை வேறு எதிலாவது போடலாம். விற்பவரிடம் கிலோவாட் பேச்சை விட்டுவிட்டு, இந்தச் சராசரிக்கு வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று எழுதி வாங்குங்கள். மானியத்தோடு ஒரு கொட்டேஷன், மானியமே இல்லாமல் ஒரு கொட்டேஷன், இரண்டையும் வேறு வேறு ஆளிடம் வாங்குங்கள். வித்தியாசம் தானாகப் பேசும். மானியம் கைக்கு வரும் வரை அது இல்லை என்று வைத்தே கணக்குப் போடுங்கள். இன்னொன்று: தமிழ்நாட்டில் வீட்டு மாடியிலிருந்து கிரிட்டுக்குக் கொடுத்து நெட் மீட்டரில் கழித்துக்கொள்ள இருக்கும் 2021 ஒழுங்குமுறை சோலார் பெயரில்தான் இருக்கிறது. காற்றாலைக் கரண்டைப் பேட்டரியில் போட்டு நாமே தீர்க்க வேண்டும். பேட்டரி ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பணம் கேட்கும்.

உடுமலை நண்பனுக்கு அது உதவுகிறது, அதையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, சுற்றிலும் மறைப்பில்லை, தோட்டத்து வீட்டுக்கு ஈ.பி. லைன் இழுக்கும் செலவு பெரிசு. அங்கே கணக்கே வேறு.

நான் 2024-இல் சோலாருக்கு வந்தேன். மூன்று கிலோவாட், 1,95,000 ரூபாய். அந்த வருஷம் பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000. இந்தத் தடவை போர்ட்டலில் பதிவு முதலில், பொருத்துவது பிறகு. விற்பவர் பட்டியலில் இருக்கிறாரா, பேனல் உள்நாட்டுத் தயாரிப்புதானா என்று பில்லோடு சரிபார்த்தேன். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வந்தது. இதுவும் கிலோவாட்டுக்குக் கொடுக்கும் மானியம்தானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் வெயில் தெருவுக்குத் தெரு மாறாது. சென்னையில் யார் மாடியில் வைத்தாலும், நிழல் விழாவிட்டால், ஒரு கிலோவாட் நாளைக்கு நாலு யூனிட்டை ஒட்டித் தரும். எனக்கு விற்றவர் சொன்ன அந்த நாலு யூனிட் ஒன்பது வருஷம் கழித்துச் சூரியனிடமிருந்து வந்தது. இதிலும் அவசரப்பட வேண்டாம்: 2024 ஜூலைக் கட்டணத்தில் 400 யூனிட் வரை யூனிட்டுக்கு 4.80 ரூபாய், 501 முதல் 600 வரை 8.55, ஆயிரத்துக்கு மேல் 11.80. முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாசத்துக்கு 900 யூனிட் ஓட்டும் எங்கள் வீட்டுக்குச் சோலார் விலை உயர்ந்த யூனிட்டுகளை வெட்டுகிறது. 300 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு மலிவான யூனிட்டைத்தான் வெட்டும், மானியம் போக மீதிப் பணம் வரவே வெகு காலம் ஆகும்.

பேனல் பொருத்த வந்த பையன் மாடிக்கு ஏறியதும் கம்பத்தைக் காட்டி, "சார், இது நெழல் பேனல் மேல விழும். எடுத்துரலாமா?" என்றான். வர்தாவுக்குப் பிறகு எட்டு வருஷம் அது சும்மா நின்றுகொண்டிருந்தது, ஒரு காக்காவுக்காக. அறுத்து, படிக்கட்டுக்கு அடியில் கிடந்த ஜெனரேட்டரோடு சேர்த்து ஆட்டோவில் ஏற்றி, பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஜெனரேட்டரைப் பிரித்துச் செம்புச் சுருளைத் தனியாக எடுத்துவிட்டு, காந்தம் பதித்த வட்டத்தைத் தராசுத் தட்டில் வைத்தார். டப்பென்று ஒட்டிக்கொண்டது. திரும்ப எடுக்க வரவில்லை. இரண்டு பேர் இழுத்தார்கள். தட்டுதான் தராசோடு சேர்ந்து வந்தது. கடைசியில் மரக்கட்டையை இடையில் செருகி நெம்பிக் கழற்றினார்கள்.

"இத்தினி பவரா? எதுக்கு சார் யூஸ் பண்ணீங்க?" என்று கேட்டார் கடைக்காரர், 2,340 ரூபாயை எண்ணிக் கொடுத்துக்கொண்டே. செல்போன் சார்ஜ் பண்ண என்றேன்.